புல்வெட்டும் இயந்திரத்திற்கு நைலான் நரம்பு: வீண் செலவைத் தவிர்ப்பது எவ்வாறு?

தோட்டப்புறங்களில் புல்லை ஒழிக்கும் வேலை ஒரு காலத்தில் அரிவாளையும் மண்வெட்டியையும் நம்பியே நடைபெற்று வந்தது. இன்று தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் சிறு இயந்திரம் அவ்வேலையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அலுவலகத்தைச் சுற்றியுள்ள புல், குடியிருப்பு வரிசைகளுக்கு இடையே உள்ள புல், தமிழ்ப்பள்ளித் திடல், கோயில் வளாகம் ஆகிய அனைத்திற்கும் அதுவே பயன்படுகின்றது. ஒருவர் நாள் முழுவதும் குனிந்து நின்று வெட்டிய இடத்தை இவ்வியந்திரத்தின் துணையுடன் ஓரிரு மணி நேரத்தில் வெட்டி முடித்துவிடலாம்.

பராக்குவாட் என்னும் களைக்கொல்லி மருந்து நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கித் தடை செய்யப்பட்டுள்ளது. வேறு மருந்துகள் விற்பனையில் இருப்பினும், குழந்தைகள் நடமாடும் இடங்களில் மருந்து அடிப்பதைக் காட்டிலும் புல்லை வெட்டிவிடுவதே நலம் என்பதில் ஐயமில்லை.

கோலாலம்பூரிலிருந்து செராஸ் வழியாகக் காஜாங்கிற்குச் செல்வோர் இம்மாற்றத்தைக் கண்கூடாகக் காணலாம். ஒன்பதாவது கட்டை, பதினோராவது கட்டை என்று பழைய மைல்கற்களைக் கொண்டு இடங்களைக் குறிப்பிடும் வழக்கம் அங்கு இன்னும் மறையவில்லை. 2017-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரயில் நிலையம் ஒன்றிற்கும் பதினோராவது கட்டை என்னும் பொருள்படவே பெயர் சூட்டப்பட்டிருக்கின்றது. அவ்வட்டாரத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகள் நிறைந்துள்ளன. அவ்வீடுகளின் முன்புறத்திலும் கால்வாய் ஓரத்திலும் விளையாட்டுத் திடலிலும் வளரும் புல்லை வெட்டுவதற்கு எப்போதும் ஆள் தேவைப்படுகின்றது. வார இறுதியில் இவ்வேலையை மேற்கொண்டு குடும்ப வருவாயைச் சற்று உயர்த்திக்கொள்ளும் தொழிலாளர்கள் உண்டு. நம் வாசகர்களிலும் அத்தகையோர் இருப்பர்.

அவர்களைக் கேட்டால் இயந்திரத்தின் விலையைப் பற்றி அதிகம் குறைப்பட்டுக்கொள்ள மாட்டார்கள். அது ஒரு முறை செய்யும் செலவு. பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் ஆகும் தொகையும் முன்கூட்டியே தெரிந்ததுதான். கணக்கில் அடங்காமல் சிறுகச் சிறுகப் பணத்தைக் கரைப்பது இயந்திரத்தின் தலையில் சுற்றப்படும் நைலான் நரம்பே ஆகும். மலாய் மொழியில் தங்சி என்று வழங்கப்படும் இந்நரம்பு புல்லை வெட்டுவதனால் தேய்ந்து போகின்றது என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். உண்மையில் புல் எடுத்துக்கொள்ளும் பங்கு சிறிது. சிமெண்டுச் சுவரும் வெப்பமும் வறட்சியும் எடுத்துக்கொள்ளும் பங்கே பெரிது. இதனை உணர்ந்துகொண்டால் செலவைக் குறைக்கும் வழிகளும் தாமாகவே புலப்படும்.

இவ்வியந்திரத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகள் வண்டியின் மேற்பூச்சைக் கெடுக்காமல் அழுக்கை மட்டும் அகற்றுவதைக் கண்டார். மரத்தின் பட்டைக்குக் கேடு விளையாமல் அதனடியில் உள்ள புல்லை மட்டும் வெட்டுவதற்கு இம்முறை உதவுமா என்று அவர் சிந்தித்தார். 1971-ஆம் ஆண்டில், ஒரு தகரக் குவளையில் துளைகளிட்டுத் தூண்டில் நரம்பைக் கோத்து, அதனைச் சுழல வைத்துப் பார்த்தார். அம்முயற்சியே பின்னர் உலகெங்கும் பரவிய இயந்திரமாக உருவெடுத்தது. மரத்தைக் காப்பதற்காகத் தோன்றிய கருவி அது. ஆயினும் இளம் ரப்பர் மரத்திற்கு அதுவே பகையாகவும் முடியக்கூடும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

நரம்பு எங்கே வீணாகின்றது?

பெரும்பாலான இயந்திரங்களில் நரம்பு தாங்கிய தலை நிமிடத்திற்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் சுற்று வரை சுழல்கின்றது. ஏழாயிரம் சுற்று என்றும், நரம்பின் நுனி தலையின் நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது என்றும் கொள்வோம். அவ்வாறாயின் நுனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 146 மீட்டர். அதாவது மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். மென்மையான நைலான் இழை புல்லின் தண்டை அறுத்துச் செல்வது கூர்மையினால் அன்று, இவ்வேகத்தினால்தான். அதே வேகத்தில் சிமெண்டுச் சுவரிலோ கருங்கல்லிலோ வேலிக் கம்பியிலோ மோதும்போது நரம்பு நொடிப்பொழுதில் தேய்ந்து போகின்றது.

எனவே நரம்பு அடிக்கடி அறுந்து போனால், உடனே புதிய நரம்பு வாங்கக் கடைக்கு ஓடுதல் வேண்டா. அறுந்த முனையை எடுத்து உற்று நோக்குதல் வேண்டும். முனை மழுங்கிக் குட்டையாகத் தேய்ந்திருந்தால் அது கல்லும் சுவரும் செய்த வேலை. தலையிலிருந்து வெளிவரும் துளையின் ஓரத்திலேயே, உலர்ந்த குச்சி முறிவது போல் முறிந்திருந்தால், நரம்பு வறண்டு போயிருக்கின்றது. அல்லது துளையின் விளிம்பு தேய்ந்து கூராகி நரம்பை அறுக்கின்றது. தலையைத் திறந்து பார்க்கும்போது உள்ளே சுற்றிய சுற்றுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தால் வெப்பமே காரணம். குறையைத் தெரிந்துகொண்டவர்க்கு மருந்து எளிது.

தண்ணீரில் ஊற வைத்தல்

இவற்றுள் வறட்சிக்குரிய மருந்து காசில்லாமல் கிடைப்பது. வெறும் தண்ணீர்தான் அது. இதனைக் கேட்டு நகைப்போரும் உண்டு. பிளாஸ்டிக் பொருளைத் தண்ணீரில் ஊற வைப்பதனால் என்ன பயன் என்று அவர்கள் வினவக்கூடும். ஆனால் நைலான் ஏனைய பிளாஸ்டிக் வகைகளைப் போன்றதன்று.

1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் நைலானை உருவாக்கினர். நைலான் இழைக்குள் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் நெருங்கிப் பின்னிக் கிடக்கின்றன. தண்ணீரை ஈர்க்கும் தன்மை இச்சங்கிலிகளுக்கு உண்டு. நீர் உட்புகும்போது சங்கிலிகள் சற்றே நெகிழ்ந்து, ஒன்றன்மீது ஒன்று நழுவ இடம் பெறுகின்றன. அதனால் இழை வளைந்து கொடுக்கின்றது; அடியைத் தாங்குகின்றது. நீர் வற்றிவிட்டால் அதே இழை விறைத்து, மோதும்போது முறிந்துவிடுகின்றது. நெடுநேரம் தண்ணீரில் கிடக்கும் நைலான் தன் எடையில் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு வரையிலும் நீரை உள்வாங்க வல்லது. சமையலறையில் பயன்படுத்தும் சாதாரணப் பிளாஸ்டிக் வாளி இவ்வாறு நீரை ஏற்பதில்லை.

ஊற வைக்கும் முறை எளிதானது. வேலைக்கு வேண்டிய அளவு நரம்பை, அல்லது நரம்பு சுற்றிய உருளையையே, ஒரு வாளித் தண்ணீரில் மூழ்குமாறு போட்டு வைத்தல் வேண்டும். மெல்லிய நரம்பாயின் ஓர் இரவும் பகலும் ஓரளவு பயன் தரும். 2.4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த நரம்பு இரண்டு மூன்று நாள்கள் கிடப்பது நல்லது; நீர் அதன் நடுப்பகுதி வரை மெல்லத்தான் ஊறிச் செல்லும். கூடுதலாகக் கிடந்தாலும் கேடில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் செல்வோர் வியாழக்கிழமை மாலையில் வாளியில் போட்டுவிட்டால் போதும். கொசு முட்டையிடாதிருக்க வாளியை மூடி வைத்தல் இன்றியமையாதது. நரம்பைக் காப்பாற்றப் போய் டிங்கிக் காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளலாகாது.

நம் நாட்டுக் காற்றிலேயே ஈரப்பதம் மிகுந்துள்ளதே, நரம்பு எவ்வாறு வறண்டு போகும் என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வியே. நிழலில், காற்றுப் படும்படி தொங்கவிடப்பட்ட நரம்பு நம் சூழலில் ஓரளவு ஈரத்தைத் தானாகவே பெற்றுக்கொள்ளும். பழுதாவது பெரும்பாலும் வேறு இடங்களில்தான். கடையின் முன்புறத்தில் வெயில் விழும் இடத்தில் பல மாதங்கள் தொங்கிய நரம்பு, தகரக் கூரையின் கீழ் வேகும் கொட்டகையில் கிடந்த நரம்பு, வெயிலில் நிறுத்திய வேனின் முன்கண்ணாடி ஓரத்தில் வைத்த நரம்பு ஆகியவையே விரைவில் கெடுகின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். வெப்பத்தினால் நீர் வற்றிய நரம்பைத் தண்ணீர் மீட்டுத் தரும். வெயிலின் புறஊதாக் கதிர்களால் சங்கிலிகளே அறுபட்டுப் போன நரம்பை எத்தனை நாள் ஊற வைத்தாலும் மீட்க இயலாது. சோதித்துப் பார்ப்பதும் எளிது. ஒரு சாண் நீளத் துண்டை இரண்டாக மடக்கி அழுத்திப் பாருங்கள். வெடித்து முறிந்தால் ஊற வையுங்கள். ஊறிய பிறகும் அவ்வாறே முறியுமாயின் அந்நரம்பின் மீது மேலும் காலத்தைச் செலவிடுதல் வீண்.

சுற்றுவதில் கவனம்

வெப்பத்தினால் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் அவசரமாகச் சுற்றுவதன் விளைவு. தலைக்குள் தளர்வாகவும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகவும் சுற்றப்பட்ட நரம்பு, இயந்திரம் அதிரும்போது தன்னுடனேயே உராய்கின்றது. நைலான் வகைகள் ஏறத்தாழ 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகுபவை. இறுகிய இடத்தில், விடாத உராய்வில் அவ்வெப்பம் எழுவது அரிதன்று. சுற்றுகள் ஒட்டிக்கொண்ட பின் நரம்பு வெளிவராது. தொழிலாளி தலையைத் தரையில் மேலும் மேலும் தட்டுகின்றார், வரவில்லை, திறந்து, ஒட்டிய பகுதியை வெட்டி எறிகின்றார். இப்படி எறியப்படும் நரம்பு ஒரு முறை கூடப் புல்லைத் தொட்டிராத புது நரம்பு.

ஆகவே உருளையில் குறிக்கப்பட்டுள்ள அம்புக்குறியின் திசையில், இழையை இழுத்துப் பிடித்து, நூற்கண்டில் நூல் சுற்றுவது போல் ஒன்றையொன்று அடுத்து வரிசையாகச் சுற்றுதல் வேண்டும். விளிம்பு வரை நிரப்புவதும் தவறே. கொஞ்சம் இடம் விட்டுச் சுற்றினால் நரம்பு தாராளமாக வெளிவரும். துளையின் விளிம்பு கூராகியிருந்தால் அதனை நுண்ணிய உப்புத்தாள் கொண்டு தேய்த்து மழுக்கிவிடலாம். மிகவும் அரிக்கப்பட்டிருந்தால் அத்துளையின் வளையத்தை மாற்றிவிடுதல் மலிவு.

மற்றொன்று பாதுகாப்புத் தகட்டைப் பற்றியது. பார்ப்பதற்கு இடைஞ்சலாக இருக்கின்றது என்று சொல்லிப் பலர் அதனைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகின்றனர். அத்தகட்டின் கீழ் ஒரு சிறு கத்தி பொருத்தப்பட்டிருக்கும். நரம்பு அளவுக்கு மீறி நீண்டு வந்தால் நறுக்கிச் சரிப்படுத்துவது அதன் வேலை. தகடு இல்லையென்றால் நரம்பின் நீளத்திற்கு எல்லை இல்லை. நீண்ட நரம்பு காற்றை எதிர்த்துச் சுழல்வதால் இயந்திரம் திணறுகின்றது, சுழற்சி குறைகின்றது, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகின்றது, மெதுவாகச் சுழலும் நரம்பு புல்லை அறுக்காமல் அதனைச் சுற்றிக்கொள்கின்றது. கழற்றி வைத்த தகடு கண்ணுக்கும் காலுக்கும் இருந்த காவலையும் உடன் கொண்டு போய்விடுகின்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெட்டும் இடத்தில்

நரம்பின் நடுப்பகுதியால் புல்லை மோதாமல் நுனியால் வெட்டப் பழகுதல் வேண்டும். சுவர் ஓரத்தில் முழுவேகத்துடன் நேராகப் பாயாமல், ஒரு சாண் தொலைவிலிருந்து சற்றே சாய்த்து மெல்ல நெருங்கினால், நுனி மட்டும் புல்லைத் தொட்டு மீளும். உயர்ந்த புல்லை ஒரே வீச்சில் அடியோடு வெட்ட முயல்வதைவிட, மேற்பாதியை முதலிலும் அடிப்பாதியைப் பின்னரும் வெட்டுவது நரம்புக்கும் இயந்திரத்திற்கும் நல்லது. புல் முற்றித் தண்டு கடினப்படுமுன் வெட்டுவோர்க்குச் செலவாகும் நரம்பு குறைவு. மாதம் ஒரு முறை வெட்ட வேண்டிய இடத்தை மூன்று மாதம் விட்டு வெட்டினால் கூலி மிச்சம் என்று எண்ணும் வீட்டுக்காரர்களுக்கும் இதனை எடுத்துச் சொல்லலாம்.

நரம்பு வெளிவருவதற்காகத் தலையைத் தட்டும் வகையாயின் புல்தரையிலேயே தட்டுங்கள். சிமெண்டில் தட்டினால் தலையின் அடிப்பாகம் தேய்ந்து, பின்னர்த் தலையையே மாற்ற நேரிடும். பழக்கத்தின் காரணமாகப் பத்தடிக்கு ஒரு முறை தட்டுவோரும் உள்ளனர். ஒவ்வொரு தட்டுக்கும் வெளிவரும் நரம்பில் மிகுதியானதைத் தகட்டின் கத்தி நறுக்கி எறிந்துவிடும். வெட்டும் வட்டம் சுருங்கிவிட்டது என்று கண்ணால் கண்ட பிறகே தட்டுதல் வேண்டும்.

லாலான் புல் மண்டிய இடத்திலும், மரமாகத் தடித்த செடிகள் உள்ள இடத்திலும் நைலான் நரம்பைப் பயன்படுத்துவது பணத்தைத் தரையில் கொட்டுவதற்கு ஒப்பாகும். இயந்திரம் ஏற்குமாயின் அங்கே இரும்புக் கத்தியை மாட்டுவதே முறை. லாலானின் வேர்த்தண்டு மண்ணுக்கடியில் ஓடுவதால், மேலே எத்தனை முறை வெட்டினாலும் அது மீண்டும் தழைக்கும் என்பது தோட்டத்தாருக்குப் புதிய செய்தியன்று. மண்ணைக் காக்க வளர்க்கும் பியூராரியா போன்ற கொடிகளும் நரம்புக்கு ஒத்து வருவதில்லை. அவை தலையைச் சுற்றிப் பின்னிக்கொண்டு நரம்பை இழுத்து அறுத்துவிடும்.

இளம் ரப்பர் மரத்தின் அடியில் மட்டும் எந்நிலையிலும் கையால் களை எடுப்பதே தக்கது. ரப்பர் மரத்தின் பால்குழாய்கள் பட்டைக்குள்ளேயே உள்ளன. பட்டையை அடுத்துள்ள மெல்லிய வளர்படை, மரம் பருப்பதற்கும் புதுப்பட்டை தோன்றுவதற்கும் ஆதாரமாகும். கன்றின் மெல்லிய தோலை நைலான் நரம்பு ஒரு கணத்தில் உரித்துவிடும். மரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டை போய்விட்டால் அம்மரம் பிழைப்பது அரிது. பால் வெட்டும் பருமனை அடையக் கன்று ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியுள்ளது. அத்தனை ஆண்டு உழைப்பைக் காக்க மரத்தைச் சுற்றி இரண்டு முழ அகலத்திற்குக் கையால் புல்லை நீக்கினால் போதும். நரம்பும் மரத்தில் மோதி அறுபடாமல் மிஞ்சும்.

வாங்கும்போது

நரம்பின் பருமனை இயந்திரத்தின் குறிப்பேட்டில் சொல்லியுள்ளபடியே தேர்ந்தெடுத்தல் வேண்டும். தடித்தது நெடுநாள் உழைக்கும் என்று எண்ணிச் சிறிய இயந்திரத்தில் 3 மில்லிமீட்டர் நரம்பைப் பூட்டுவோர் உண்டு. இயந்திரம் அதனைச் சுழற்ற இயலாமல் சூடேறி, விரைவில் பழுதாகும். நட்சத்திர வடிவிலும் சதுர வடிவிலும் உள்ள நரம்புகள் புதிதாக இருக்கும்போது நன்றாக வெட்டும். ஆனால் சுவரும் கல்லும் நிறைந்த வீட்டுப்புறத்தில் அவற்றின் ஓரங்கள் முதலில் தேய்ந்துவிடும். அங்கே உருண்டை நரம்பே சிக்கனம் என்பது எம் கருத்து.

சிறு பொட்டலமாக வாங்குவதைவிடக் கிலோக் கணக்கில் சுருளாக வாங்குவது மலிவாக அமைவது வழக்கம். எனினும் எடையையும் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்திருத்தல் நல்லது. நைலானின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு கிலோ உருண்டை நரம்பு 2 மில்லிமீட்டர் பருமனில் ஏறத்தாழ 280 மீட்டரும், 2.4 மில்லிமீட்டரில் 190 மீட்டரும், 2.7 மில்லிமீட்டரில் 150 மீட்டரும், 3 மில்லிமீட்டரில் 125 மீட்டரும் இருக்கும். சுருளின் மீது எழுதியுள்ள நீளம் இதற்கு மிகவும் குறைவாயின் பிளாஸ்டிக் உருளையின் எடையும் சேர்க்கப்பட்டிருக்கலாம். கடைக்காரரைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 15 மீட்டர் கொண்ட 2.4 மில்லிமீட்டர் பொட்டலம் எட்டு வெள்ளி என்றும், ஒரு கிலோச் சுருள் நாற்பத்தைந்து வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். கிலோச் சுருளின் நீளத்தைப் பெறப் பொட்டலமாக வாங்கினால் பதின்மூன்று பொட்டலம் வேண்டும். நூற்று நான்கு வெள்ளி ஆகிவிடும். உங்கள் ஊர்க் கடையின் விலையை இக்கணக்கில் இட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோவை ஒருவரே வாங்கி இரண்டு ஆண்டு வைத்திருக்கத் தேவையில்லை. நால்வர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு நாற்பத்தேழு மீட்டருக்குக் குறையாது; பழையதாகிக் கெடுவதற்குள் தீர்ந்தும் விடும்.

கம்பியைக் கட்டாதீர்

சிக்கனத்தின் பெயரால் செய்யப்படும் ஒரு செயலை இங்கே கண்டித்தே ஆக வேண்டும். நைலானுக்குப் பதிலாக மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கம்பியையும், வேலிக் கம்பியையும், சங்கிலித் துண்டையும் கட்டி வெட்டும் பழக்கம் அது. கம்பி தேய்வதில்லை என்பது உண்மையே. ஆனால் அது முறிகின்றது. முறிந்த துண்டு மேலே சொன்ன வேகத்தில், எத்திசையில் செல்லும் என்று அறிய இயலாதபடி பறந்து செல்லும். நைலான் துண்டு தோலில் பட்டால் வலிக்கும். இரும்புத் துண்டு உடலினுள் புகும். பிரித்தானியாவில் இத்தகைய சங்கிலித் தலையிலிருந்து தெறித்த துண்டினால் 2010-ஆம் ஆண்டில் ஓர் உயிர் பலியாயிற்று. அதன் பின்னர் 2012-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பல இரும்புத் துண்டுகளைக் கோத்த வெட்டுத் தலைகளைக் கைப்பிடி இயந்திரங்களுக்கு விற்பதைத் தடை செய்யுமாறு ஐரோப்பிய ஆணையம் தன் உறுப்பு நாடுகளுக்கு ஆணையிட்டது. செராஸ் போன்ற நெருக்கமான குடியிருப்பில் இருபது அடி தள்ளி ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். ஒரு கண்ணின் விலைக்கு எத்தனை கிலோ நைலான் வாங்கலாம் என்று கணக்கிட எவரும் முன்வரமாட்டார்.

நைலான் நரம்பைப் பயன்படுத்தும்போதும் கண்ணாடியும் முகக்காப்பும் காலணியும் அணிதல் வேண்டும். கல் தெறிப்பதற்கு இரும்பு தேவையில்லை. தோட்ட வேலையாகப் புல் வெட்டுவோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி முதலாளி வழங்க வேண்டிய பாதுகாப்புப் பொருள்களுக்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வசூலிக்கலாகாது. சொந்தமாக வெட்டச் செல்வோர் முகக்காப்பின் விலையையும் தம் கூலிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

எஞ்சிய துண்டுகள்

சுருள் முடியும்போது எஞ்சும் ஒரு முழத் துண்டுகளையும், தலையைத் திறக்கும்போது வெட்டி எடுக்கும் துண்டுகளையும் எறிந்துவிடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். துண்டு நரம்பைத் துளையில் செருகிப் பயன்படுத்தும் தலைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் சுருள் சுற்றும் வேலையும் இல்லை, தட்டும் வேலையும் இல்லை. ஒரே நீளமுள்ள துண்டுகளை இருபுறமும் செருக வேண்டும், அவ்வளவே. நீளம் வேறுபட்டால் தலை ஒருபுறம் இழுத்து அதிரும். சுவர் ஓர வேலைக்கென்று இத்தகைய தலை ஒன்றை வைத்துக்கொண்டால் சுருள் நரம்பு திடலுக்கு மட்டுமே செலவாகும்.

ஒரு சாணுக்கும் குறைந்த துண்டுகள் எதற்கும் உதவா. நைலான் மண்ணில் எளிதில் மக்குவதில்லை. ஆடு மாடு மேயும் இடத்தில் அத்துண்டுகள் கிடந்தால் புல்லோடு சேர்ந்து அவற்றின் வயிற்றுக்குள் போய்விடும். வெட்டி முடித்த பின், இயந்திரம் குளிரும் வரையிலான பத்து நிமிடத்தில் அவற்றைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் சேர்த்துவிடலாம்.